அடிச்சட்டம்

கடற்பாசிக் காலம் முடிந்துவிட்டது.
எரிமோ முனையில் இனி காற்றுக்கு மட்டும்தான் வேலை.
குட்டி லாரியை நான்கு மரக்கட்டைகள்மேல் ஏற்றி
அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து
அடியில் மல்லாந்தேன்.

இருபத்திரண்டு கோடை
கரையிலிருந்து கூழாங்கல் களத்துக்கு
ஈரப்பாசி சுமந்த வண்டி.
என்னைவிட நீளமான பாசிகள்
வழியெல்லாம் கடலைச் சொட்டிக்கொண்டே வரும்.
சாலையில் பாதி,
சட்டத்தில் பாதி.
உப்பிட்டவளை உள்ளளவும் நினைத்திருக்கிறது
இந்த இரும்பு.

பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.
கருகருவென்று, நேற்று வாங்கிய வாணலி மாதிரி.
இரண்டு வருடத்துக்கு ஒருமுறை
அரசாங்கச் சோதனைக்கு முன்னால்
நெமோதோவின் பட்டறையில்
அடிப்பாகத்துக்குக் கறுப்புப் பூச்சு:
மூவாயிரத்து ஐந்நூறு யென்.
ரசீதுகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன்.
ணங். ணங். ணங்.
இருக்கைக்குப் பின்னால்
வில்தகடு மாட்டியிருக்கும் இடத்தில்
தொப்.
நனைந்த தலையணையைத் தட்டினாற்போல.
காதுதான் தவறாகக் கேட்டதோ என்று
மறுபடி தட்டினேன்.
சுத்தியல் உள்ளே போய்விட்டது.

கம்பித் தூரிகைச் சக்கரம் அலறியது.
கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே
செம்பொடி புகுந்து
நாக்கில் ரத்தத்தின் ருசி.
ஏடு ஏடாக உரிந்தது.
ஒரு பொருக்கை எடுத்து விளக்கருகே பிடித்தேன்:
கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு.
கறுப்பை மட்டும் எண்ணினால் பத்து.
இது படகை விற்ற வருடம்.
இது கோஹேய் துணிப்பையோடு பேருந்து ஏறிப் போன வருடம்.
அந்த முறை மட்டும் நெமோதோ
கொஞ்சம் தடிப்பாகப் பூசியிருக்கிறான்.

ஓட்டைக்குள் விரல் விட்டேன்.
மணல். ஒரு கூழாங்கல்.
சுருண்டு காய்ந்த பாசித்துண்டு,
கொதிநீரில் போட்டால் இன்னும் மணக்கும்.
சட்டத்தின் அடிவயிற்றில்
தண்ணீர் வெளியேறட்டும் என்று
தொழிற்சாலையே விட்டுவைத்த
சுண்டுவிரல் துளைகள் ஆறு.
ஆறையும் அடைத்திருந்தது கறுப்பு.

போன் செய்ததும் வந்தான்.
பள்ளியில் எனக்கு அடுத்த பெஞ்சு, இப்போது முழு வழுக்கை.
"நீ கறுப்பாக்கச் சொன்னாய், தொகியே.
சுரண்டச் சொல்லவில்லையே."
சொல்லிவிட்டு அவனே கூசிப்போனான்.
அட்டையின் மறுபாதியில் வந்து படுத்தான்.
சுத்தியலை வாங்கிக்கொண்டான்.
ணங்.
"இங்கே இருக்கிறது."
தொப்.
எதுவும் சொல்லவில்லை.

மூன்று நாள்.
அழுகலை அவன் வெட்டி எறிந்தான்,
ஒலி திரும்பிவரும் இடம்வரை வெட்டினான்,
தகடு வைத்துப் பற்றவைத்தான்.
குழிகளில் மிஞ்சிய துருவுக்கு
நான் மருந்து தடவினேன்.
பால்போல் இருந்த திரவம்
பட்ட இடத்தில் ஊதாவாகி
விடிவதற்குள் மைக்கறுப்பு.
எனக்குச் சந்தேகம்.
இதுவும் கறுப்புத்தானே?
ஈரத்துணியால் தேய்த்தேன், நகத்தால் கீறினேன்.
உதிரவில்லை. தட்டினேன். ணங்.

அதன்மேல் துத்தநாகப் பூச்சு, சாம்பல் நிறம்.
அத்தோடு போதும் என்றேன்.
மேல்பூச்சு இல்லாமலா, என்றான்.
சிவப்பு வந்தால் எனக்குத் தெரியட்டும்.
குழாய் நுழைத்து உட்புறம் மெழுகு பீய்ச்சியபின்
ஆறு துளைகளையும் திறந்தேன்.
ஏழாவதாக ஒன்று, என் கணக்கில்.

அன்றிரவு முதல் பனி.
காலையில் வண்டியைக் கிளப்பி, சூடேற விட்டு,
குனிந்து பார்த்தேன்:
ஏழாவதில்தான் முதலில் சொட்டியது.

ரசீது கொடுத்தான்.
தகடு, கம்பி, வாயு, கூலி.
கடைசி வரியில், கோணல் எழுத்தில்,
கழிவு: முப்பத்தைந்தாயிரம்.
மேசைமேல் மூவாயிரத்து ஐந்நூறைத்
திருப்பி வைத்தேன்.
எந்தப் பூச்சுக்கு என்று
அவன் கேட்கவில்லை.